இரண்டு இழுப்புக்குள்

என் மனைவி போன தை மாதம் இறந்துபோனாள். அதற்குப் பிறகு செய்ய வேண்டிய எல்லாவற்றையும் விதிப்படி செய்து முடித்தேன். இறப்புச் சான்றிதழ், அவளுடைய ஓய்வூதியத்தை நிறுத்தச் சொல்லிக் கருவூலத்துக்குக் கடிதம், வங்கிக் கணக்கு, குடும்ப அட்டையில் பெயர் நீக்கம், சபைப் பதிவேட்டில் குறிப்பு. அரசு வாகனப் பணிமனையில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தத் தாளுக்குப் பின்னால் எந்தத் தாளை வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சூலக்கரை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு பிரிவு எழுத்தர் என் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இம்புட்டுத் தெளிவா யாரும் கொண்டாந்ததில்ல சார்" என்று பாராட்டினார். நன்றி சொன்னேன். மாசி முடிவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

அதன்பின் ஆட்கள் வந்தார்கள். சபையிலிருந்தும் அவள் வேலை பார்த்த மருத்துவமனையிலிருந்தும் வந்தார்கள். அவளோடு செவிலியராக இருந்த ஒரு அம்மா, "மனசுக்குள்ளயே வச்சிக்கிடாதீக. அழுதுட்டாத் தேவலை" என்றார். முயன்று பார்த்தேன், வரவில்லை. எழுந்து போய் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை அளவாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் மைத்துனன் மட்டும் வரவில்லை. அடக்கத்துக்கு வந்தவன்தான், பிறகு ஆளைக் காணவில்லை. பங்குனியில் ஒரு நாள் காலை வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து அவன் இறங்கினான். பின்னால் சாக்குக்குள் ஏதோ கிடந்தது.

"அத்தான், சாப்பிட்டீகளா?"

"ஆச்சு. அது என்ன?"

"இறக்கிட்டுச் சொல்லுதேன். இங்கன வைக்கவா, கொல்லைப்பக்கம் கொண்டு போயிரவா?"

ஆட்டோக்காரரும் நானும் பிடித்துக் கொல்லையில் வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோனோம். மைத்துனன் சாக்கை உருவினான். படகு மோட்டார். படகின் பின்பலகையில் மாட்டுகிற, தலையில் இயந்திரமும் காலில் விசிறியுமாக நிற்கிற வகை. பார்த்ததும் தெரிந்துவிட்டது. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு எண்ணும், அதன் கீழ் 'கழிவு' என்றும் எழுதியிருந்தது.

வெள்ளக் காலத்துக்கென்று மாவட்டத்தில் ஒரு ரப்பர் படகும் இந்த மோட்டாரும் வாங்கி வைத்திருந்தார்கள். இது மழைக்காகக் கோயிலிலும் சர்ச்சிலும் பள்ளிவாசலிலும் ஒரே வாரத்தில் வேண்டிக்கொள்கிற மாவட்டம். படகு கிடங்கிலேயே கிடந்தது. வருடத்துக்கு ஒரு முறை ஒத்திகைக்கு வெளியே எடுப்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், திரும்ப வைப்பார்கள். டாங்கியில் பெட்ரோல் அப்படியே இருக்கும். ஒரு ஒத்திகையில் கிளம்பவில்லை. பணிமனைக்கு வந்தது. பழுதுச் செலவு மதிப்பீடு வரம்பைத் தாண்டியதால், இனி உதவாது என்று நான்தான் கழிவுச் சான்று கொடுத்தேன். ஏலத்தில் போய், சாத்தூரில் ஒரு காயலான் கடைக்குச் சேர்ந்திருக்கிறது.

"இது உங்க எழுத்துதான அத்தான்?" என்றான் மைத்துனன்.

"பெயிண்டர் எழுதினது. உத்தரவு என்னுது."

"நல்லாருந்தத ஏன் கழிச்சுவிட்டீக?"

"நல்லாருக்குன்னு யார் சொன்னா?"

"காயலான் கடைக்காரன்."

"வேற என்ன சொல்லுவான் அவன்?"

அவன் சிரித்தான். சிரிக்கும்போது வலது கன்னம் மட்டும் அசையாது.

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன், ஃபோர்மேனாக இருந்தவன். சில வருடங்களுக்கு முன் மருந்து கலக்கும் அறையில் வெடித்தது. உள்ளே இருந்த இரண்டு பேர் பிழைக்கவில்லை. வாசலில் நின்ற இவன் பிழைத்தான். வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொக்கி மாதிரி ஆகிவிட்டன. இடது கை விரல்களுக்கு ஒன்றுமில்லை, ஆனால் அக்குளிலிருந்து விலா வரை வெந்து, ஆறும்போது தோல் சுருங்கி இழுத்துக்கொண்டது. என் மனைவி அவனை எங்கள் வீட்டிலேயே வைத்துக் கட்டுப் போட்டாள். "இந்தத் தோலு வெங்காயச் சருகு மாதிரிடா. கையைப் பின்னால வீசின, கிழிஞ்சிரும்" என்று தினமும் சொல்வாள். அவன் தினமும் "சரிக்கா" என்பான்.

ஆறிய பிறகு கம்பெனியில் இரக்கப்பட்டு வாசலில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். உள்ளே போகிறவர்களின் செல்போனை வாங்கி வைத்து, வெளியே வரும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். சில மாதம் செய்தான், பிறகு விட்டுவிட்டு வீட்டில் படுத்துவிட்டான். முன்பு தன் கீழே வேலை பார்த்தவர்கள் போனைக் கொடுக்கும்போது கையைப் பார்ப்பதில்லையாம். பார்த்திருந்தால் இருந்திருப்பேன் என்றான்.

இப்போது அவன் சொன்ன விஷயம் இது. சாத்தூருக்குக் கிழக்கே அணையில் மீன் குத்தகை எடுத்திருக்கிறவருக்குப் படகுக்காரர் வேண்டும். வலைகளைச் சுற்றிப் பார்க்க வேண்டும், திருட்டு வலை போடுகிறவர்களை விரட்ட வேண்டும். தனியாளாக ஓட்ட வேண்டும்.

"துடுப்புப் போட எனக்கு ஆகாது. மோட்டாருன்னா ஒத்தக் கையே போதும்லா அத்தான்? ஓட்டிக் காமிச்சா வேலைன்னு சொல்லிட்டாரு."

"கிளப்ப வேண்டாமா? கயிறு யார் இழுப்பா?"

நான் மோட்டாரைக் கொல்லைச் சுவரோரம் ஒரு மரச்சட்டத்தில் மாட்டி, அவனை இடது கையால் கயிற்றை இழுக்கச் சொன்னேன். முழங்கை உடம்பைத் தாண்டிப் பின்னால் போகவில்லை. பாதி இழுப்புத்தான். இரண்டு முறை இழுத்தான். மூன்றாவது முறைக்கு நான் வேண்டாம் என்று சொல்லும் முன் இழுத்துவிட்டான். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். அக்குளில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று விழுந்து, ஈரம் கசிந்தது.

ஆகக் கணக்கு எளிதாகிவிட்டது. இந்த மோட்டார் இரண்டு அரை இழுப்புக்குள் கிளம்ப வேண்டும். கிளம்பினால் அவனுக்கு வேலை. இல்லாவிட்டால் வீட்டில் திரும்பவும் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். அரசு மதிப்பீட்டில் இப்படி ஒரு வரையறையை நான் கண்டதில்லை.

மறுநாள் ஆரம்பித்தோம். வேலையில் நான் ஒழுங்கு பார்க்கிறவன். அவன் என்னைவிட மோசம். பட்டாசுக் கம்பெனியின் சட்டதிட்டமெல்லாம் அவனோடு கொல்லைக்கு வந்துவிட்டது. போனை வாசலிலேயே வைத்தான். கிணற்றுக் குழாயை ஒரு முறை தொட்டுவிட்டுத்தான் மரத்தடிக்கு வந்தான். உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்க வேண்டுமாம். இரும்புச் சுரண்டியை என் கையிலிருந்து வாங்கி அப்பால் வைத்துவிட்டு, தீப்பொறி வராத பித்தளைச் சுரண்டி ஒன்றைக் கொடுத்தான். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. கார்பரேட்டரின் உள்ளே இருப்பதும் பித்தளைதான், கீறாது.

"நைலான் சட்டையைக் கழத்துங்க அத்தான்."

"பட்டாசா செய்யுறோம்?"

"பெட்ரோலுல்லா."

கழற்றினேன். துடைக்கத் துணி கேட்டான், பருத்திதான் வேண்டும் என்றான். உள்ளே போய் பீரோவைத் திறந்தேன். அவளுடைய பழைய சீருடைச் சேலைகள் அடுக்கியிருந்தன. வெள்ளைப் பருத்தி. ஒன்றை எடுத்துவந்து பல்லால் கடித்து ஓரத்தைக் கிழித்தேன். கிழியும் சத்தம் கேட்டு அவன் நிமிர்ந்தான்.

"இது அக்கா சேலைல்லா."

"பருத்திதானே கேட்டே."

அவன் சேலையை என் கையிலிருந்து வாங்கினான். கொக்கிக் கையாலும் நல்ல கையாலுமாக நெடுநேரம் எடுத்து மடித்து, திட்டில் வைத்தான். பிறகு தன் பனியனைக் கழற்றிக் கொடுத்தான். அதில்தான் துடைத்தோம். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. சேலையைவிடப் பனியன் எண்ணெயை நன்றாக உறிஞ்சியது என்பது தவிர.

மோட்டாருக்கு இரண்டு சிலிண்டர், ஆளுக்கொரு கார்பரேட்டர். கார்பரேட்டர் என்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. காற்றையும் பெட்ரோலையும் அளவாகக் கலந்து உள்ளே அனுப்புகிற சாதனம். கீழே ஒரு சின்னக் கிண்ணம், அதில் ஒரு மிதவை. பெட்ரோல் ஏறினால் மிதவையும் ஏறி, ஊசியை அழுத்தி வழியை அடைக்கும். குறைந்தால் இறங்கித் திறக்கும். கழிப்பறைத் தொட்டி வேலை செய்வதும் இப்படித்தான். கிண்ணத்திலிருந்து மேலே போகிற வழியில் ஊசிமுனைத் துளையுள்ள பித்தளைத் திருகுகள் இருக்கின்றன. அவற்றுக்கு ஜெட் என்று பெயர். பெரியது ஓட்டத்துக்கு, சிறியது கிளப்புவதற்கும் சும்மா நிற்பதற்கும். வருடக்கணக்கில் பெட்ரோலை உள்ளே விட்டு வைத்தால் பெட்ரோல் பறந்துவிடும், அதில் கலந்த எண்ணெய் பிசினாகி எல்லாத் துளையையும் அடைக்கும். வருடா வருடம் ஒத்திகைக்குப் பிறகு எரிபொருள் குழாயை மூடி, கிண்ணம் காலியாகி மோட்டார் தானாக நிற்கும் வரை ஓடவிட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அப்படிச் செய்யச் சொல்லும் சுற்றறிக்கையும் உண்டு. நான்தான் வரைவு எழுதினேன்.

முதல் கிண்ணத்தைக் கழற்றியதும் பச்சைப் பிசின். கெட்டிப் பாகு மாதிரி. மைத்துனன் முகர்ந்து பார்த்து, "ஆமணக்குக் கொட்டை வாடை" என்றான். மிதவை, ஊசி, ஜெட்டுகள் எல்லாவற்றையும் கழற்றி, மேல் கார்பரேட்டரின் பாகம் கீழ் கார்பரேட்டரோடு கலக்காமல் இரண்டு தட்டுகளில் வைத்தேன். தின்னரில் ஊறவிட்டேன். சின்ன ஜெட்டின் துளையில் குண்டூசி நுழையவில்லை. வயரின் ஒற்றைச் செம்பு இழை நுழைந்தது. சைக்கிள் பம்பால் ஒவ்வொரு வழியிலும் காற்றடித்தோம். பம்பு அவன் காலால் மிதிக்கிற வகை என்பதால் அந்த வேலை அவனுடையது. ஒரு துளையிலிருந்து காற்று சட்டென்று வெளியே வந்து என் கண்ணாடியில் பிசின் தெறித்தபோது, "வந்துட்டு, வந்துட்டு" என்று மெதுவாகச் சொன்னான். மிதவை மட்டத்தைக் கார்பரேட்டரைத் தலைகீழாகப் பிடித்துச் சரிபார்த்தேன். காற்றுத் திருகை மெல்ல முட்டும் வரை உள்ளே விட்டு, புத்தகப்படி ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தேன்.

ஒன்று மட்டும் சரிவரவில்லை. கிண்ணத்துக்கும் உடலுக்கும் நடுவில் இருக்கிற கேஸ்கட், அதாவது கசியாமல் இருக்கப் போடுகிற அட்டை வளையம், இரண்டிலும் எடுக்கும்போதே பொடிந்துபோனது.

"விருதுநகர்ல உதிரிபாகக் கடையில கேஸ்கட் தாள் விக்கும். வாங்கி வெட்டிக்கலாம்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க முடியாது. "அட்டையவா? கடையிலயா? அத்தான், சிவகாசியில பெறந்துட்டு அட்டைய வெலைக்கு வாங்கினேன்னு வெளிய தெரிஞ்சா?"

இது எங்கள் பக்கத்து வழக்கம். வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது. சிவகாசியில் யாரும் அட்டையும் தாளும் வாங்குவதில்லை. பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு உறை, அலமாரியில் விரிக்கும் தாள், கல்யாணத்தில் வடை வைத்துக் கொடுக்கும் காகிதம் எல்லாம் ஏதாவது ஒரு அச்சகத்தின் கழிவிலிருந்து வரும். தெரிந்தவர் யாராவது இருப்பார். அப்படி ஒருவர் இல்லாத ஆள் அந்த ஊரில் ஆளே இல்லை.

அவனுக்கு இருந்தவர் அவனோடு பள்ளியில் படித்தவர், பட்டாசுப் பெட்டி அட்டைகளை அச்சு வைத்து வெட்டிக் கொடுக்கும் பட்டறை வைத்திருந்தார். நானும் போனேன். பழைய கேஸ்கட்டின் துண்டுகளைத் தாளில் ஒட்டி, அளவு எடுத்து, தடிமன் எவ்வளவு என்று மைக்ரோமீட்டரில் பார்த்து எழுதிக் கொண்டுபோயிருந்தேன். பட்டறைக்காரர் என் தாளையும் தன் நண்பனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னலே இது?"

"கப்பலு பாகம்."

"சிவகாசியில கப்பலா? ஏலே, குடிக்கத் தண்ணி லாரியில வருது."

"நீ வெட்டிக் குடு. மொதல் பயணம் ஒன்னத்தான் கூட்டிட்டுப் போறேன்."

"என்னக் கொன்னுட்டு எம்பட்டறைய அமுக்கப் பாக்க." அவர் அட்டைக் கட்டுகளைப் புரட்டினார். "சார், நீங்க எழுதிருக்க தடிமனுக்கு மூணு அட்டை இருக்கு. நல்லதே போடுதேன். சீசன் ஆர்டருக்கு வந்தது. கிஃப்ட் பாக்ஸு அட்டை. இவன் வந்து ஒண்ணு கேட்டு எம்புட்டு நாளாச்சு."

நல்லதையே போட்டார். தங்க நிறத்தில் பளபளப்பு. ஒரு பக்கம் மயில் தோகையின் துண்டு இருந்தது. வெட்டு அத்தனை சுத்தம். திருகுத் துளைகள்கூட மயிரிழை பிசகவில்லை. நான் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தேன், எழுதியபடியே இருந்தது. திருப்தியாக வாங்கிக்கொண்டு வந்தோம்.

பூட்டி, மோட்டாரின் காலைத் தண்ணீர் நிறைத்த நீல டிரம்முக்குள் இறக்கினோம். தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டால் குளிர்ச்சி இல்லாமல் வெந்துவிடும். எரிபொருள் குழாயிலிருக்கும் ரப்பர் குமிழைக் கெட்டியாகும் வரை அமுக்கினேன். காற்றை அடைக்கிற சோக்கை இழுத்தேன். அவன் கயிற்றைப் பிடித்தான். இழுப்பதற்கு முன் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். கண்ணையும் மூடிக்கொண்டிருந்தான்.

முதல் இழுப்பில் ஒரு இருமல். இரண்டாவதில் கிளம்பிவிட்டது.

கொல்லை முழுக்க நீலப் புகை. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "என்ன சார், ரைஸ் மில்லு வைக்கீகளா?" என்றார். "இல்ல சார், ஊரக் காலி பண்ணுதோம்" என்றான் மைத்துனன். இருபது நிமிடம் போல ஓடியது. நிறுத்தினோம். அவன் முகத்தில் ஒரு பக்கம் முழுக்கச் சிரிப்பு.

"இன்னொரு மட்டம்" என்றான்.

இழுத்தான், கிளம்பவில்லை. மறுபடி இழுத்தான், கிளம்பவில்லை. நான் கயிற்றை வாங்கி என் பங்குக்குக் கை வலிக்கும் வரை இழுத்தேன். செத்துக் கிடந்தது.

மறுபடி கழற்றினோம். மேல் கார்பரேட்டரின் கிண்ணத்தை எடுத்து வெயிலில் சாய்த்தபோது அடியில் ஏதோ மின்னியது. விரலால் தொட்டேன். தங்கப் பொடி ஒட்டியது. கேஸ்கட்டின் மயில் தோகை இருந்த இடம் வெறும் சாம்பல் அட்டையாக இருந்தது. தங்க மை என்பது பித்தளைப் பொடியை வார்னிஷில் குழைத்தது. பெட்ரோல் வார்னிஷைக் கரைத்துவிட்டது. பொடி கிண்ணத்தில் இறங்கி, நான் செம்பு இழையால் குத்திக் குத்தி எடுத்த அதே சின்ன ஜெட்டில் போய்க் கெட்டியாக உட்கார்ந்துகொண்டது. தடிமனை நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வரை எழுதிக் கொடுத்தேன். மேலே பூச்சு இருக்கக் கூடாது என்று எழுதவில்லை. கடையில் விற்கும் தாளில் தங்க மயில் அச்சடித்திருக்க மாட்டார்கள். அதனால் அப்படி எழுத வேண்டும் என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்வதில்லை.

மைத்துனன் கிண்ணத்தை வாங்கிப் பார்த்தான்.

"நல்லதா இருக்கட்டும்னுல்லா போட்டான்."

"ஆமா."

"அவன்ட்ட சொல்லிராதீக."

மறுநாள் அவன் விருதுநகரில் இருக்கிற கடைக்கே போய்க் கேஸ்கட் தாள் வாங்கிவந்தான். சிவகாசியிலும் கடை உண்டு. தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்று அங்கே போகவில்லை. தாளைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தான். மறுபடி ஊறவைத்து, மறுபடி குத்தி, மறுபடி காற்றடித்தோம். இந்த முறை கத்தரிக்கோலால் நானே வெட்டினேன். கோணலாக வந்தது. கசியவில்லை.

அப்போது ஒரு காரியம் செய்தேன். காற்றுத் திருகைப் புத்தகம் சொன்ன அளவைவிடக் கால் சுற்று உள்ளே விட்டேன். காற்று குறையும், பெட்ரோல் கூடும், குளிர்ந்த மோட்டார் லேசான இழுப்பிலேயே பிடித்துக்கொள்ளும். புகை கொஞ்சம் கூடுதலாக வரும், பிளக் சீக்கிரம் கறுக்கும், புத்தகப்படி தவறு. ஆனால் புத்தகம் எழுதியவர் அந்த அக்குளைப் பார்க்கவில்லை. பணியில் இருந்த காலத்தில் இப்படி ஒரு கால் சுற்றை நான் யாருக்காகவும் விட்டதில்லை. டிரம்மில் வைத்துப் பார்த்தோம். காலையில் குளிர்ந்து கிடக்கும்போது முதல் அரை இழுப்பில் கிளம்பியது. மறுநாளும் கிளம்பியது. அதற்கு அடுத்த நாளும்.

"போதும் அத்தான். நாளைக்கு அணைக்குப் போயிருவம்" என்றான்.

குத்தகைக்காரர் சாத்தூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். நடுவயது, வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், கையில் காராச்சேவுப் பொட்டலம். கரையில் கிடந்த ஃபைபர் படகில் மோட்டாரை மாட்டிக்கொண்டிருந்தோம். மூடியில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"கழிவுன்னுல்லா போட்டிருக்கு?"

"கழிச்சவுகளே இந்தா நிக்காக" என்று என்னைக் காட்டினான் மைத்துனன்.

"என்ன சார், கழிச்சதும் நீங்க, சரி பண்ணதும் நீங்களா?"

"ரெண்டுக்கும் விதி இருக்கு" என்றேன்.

அவர் எனக்குச் சேவு நீட்டினார். பிறகு மைத்துனன் பக்கம் திரும்பி, கையை நேராகப் பார்த்தே பேசினார். "அண்ணாச்சி, ஒளிச்சு மறைக்கல. கை இப்பிடி இருக்கு. முன்னாடி இருந்த பய ரெண்டு கையும் நல்லாருந்தவன். நடுத் தண்ணியில மோட்டாரு நின்னு, கெளப்பத் தெரியாம, காத்துக்குப் படகு மதகுப் பக்கம் போயிட்டு. பரிசல்ல போயித்தான் இழுத்தாந்தோம். அதனால சும்மா ஓட்டிக் காமிச்சாப் பத்தாது. நடுவுல கொண்டுபோயி நிப்பாட்டணும். நிப்பாட்டிட்டு நீங்களே கெளப்பிக் கரைக்கு வரணும்."

"சரிங்க" என்றான் மைத்துனன்.

டிரம்மில் சூடான மோட்டாரை நிறுத்தி உடனே கிளப்பிப் பார்த்தோமா என்று யோசித்தேன். தங்கப் பொடி நாளுக்குப் பிறகு பார்க்கவில்லை. தினமும் காலையில் குளிர்ந்த மோட்டாரை மட்டும்தான் சோதித்தோம். சொல்வதற்குள் அவன் படகைத் தள்ளி ஏறிவிட்டான்.

முதல் இழுப்பிலேயே பிடித்தது. குத்தகைக்காரர் புருவத்தை உயர்த்தினார். படகு கரையை விட்டுப் போய், நல்ல வளைவாக வளைந்து, நடுவில் நின்றது. சத்தம் அடங்கியது. நீர்க்காகம் ஒன்று எழுந்து பறந்தது.

அவன் இழுப்பது தெரிந்தது. ஒன்றும் இல்லை. மறுபடி இழுத்தான். இருமி, ஒரு கொத்துப் புகை விட்டு, அணைந்தது.

எனக்கு அங்கிருந்தே தெரிந்துவிட்டது. நான் விட்ட கால் சுற்று. குளிர்ந்த மோட்டாருக்கு அது உதவி, சூடான மோட்டாருக்கு அது மூழ்கடிப்பு. சிலிண்டருக்குள் பெட்ரோல் கூடிப்போய்ப் பிளக் நனைந்திருக்கும். சோக்கைத் தொடாமல், கொஞ்ச நேரம் விட்டுவிட்டு இழுக்க வேண்டும். கையைக் குவித்துக் கத்தினேன். காற்று தண்ணீர் மேலிருந்து மதகுப் பக்கமாகச் சாய்ந்து வீசிக்கொண்டிருந்தது. என் குரல் என் முகத்திலேயே வந்து விழுந்தது.

"சார், ஏதாவது சொல்லுங்க அவருக்கு" என்றார் குத்தகைக்காரர்.

"சொல்லிட்டேன். கேக்கல."

"இப்ப என்ன செய்வாரு?"

"மூணாவது இழுப்பு இழுப்பான்."

மூன்றாவது இழுப்பு என்றால் என்ன என்று அவருக்குச் சொல்லவில்லை.

ஆனால் அவன் இழுக்கவில்லை. கயிற்றை விட்டான். மோட்டாரிடமிருந்து நகர்ந்து படகின் முன்பக்கம் போய், பலகையில் உட்கார்ந்தான். மோட்டாருக்குப் பாதி முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, சும்மா இருந்தான். படகு மெல்லத் திரும்பி நகர ஆரம்பித்தது.

"பயந்துட்டாரா?"

"தெரியல."

"மதகுக்குல்லா போகுது." அவர் போனை எடுத்துப் பரிசல்காரனைக் கூப்பிட்டார். "ஏலே, எங்கன இருக்க? சாப்பாட்டப் பொறவு சாப்பிடலாம், வாலே."

நான் புகை கலைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். கையிலிருந்த ஸ்பேனரை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தேன் என்று குத்தகைக்காரர் பிறகு சொன்னார். படகு மதகின் நிழல் விழுகிற இடத்துக்குப் பாதி தூரம் போயிருக்கும். பரிசல்காரன் கரையில் தெரிந்தான். அப்போது மைத்துனன் எழுந்தான். அவசரமில்லாமல் பின்பக்கம் வந்தான். கிணற்றுக் குழாயைத் தொடுகிற மாதிரி, தண்ணீருக்குள் கையை விட்டு எடுத்தான். பிறகு கயிற்றைப் பிடித்து ஒரே ஒரு முறை, பாதி இழுப்பு இழுத்தான்.

பிடித்துக்கொண்டது. முதலில் ஒரு சிலிண்டர், உடனே இரண்டாவதும்.

கரைக்கு வந்ததும் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். கோடு எதுவும் புதிதாக இல்லை.

"ஏன் போய் உக்காந்துட்ட?"

"பத்தாமப் போன வெடிகிட்ட ஒடனே போகக் கூடாதுல்லா அத்தான். தள்ளி இருந்து காத்துக்கெடக்கணும். அதான் எங்களுக்கு மொதப் பாடம்."

"இது வெடி இல்ல. மோட்டாரு."

"ஆனா என்ன? ரெண்டும் பத்தணும்லா."

காரணத்தை நான் அவனுக்கு விளக்கினேன்: பெட்ரோல் கூடிப்போனது, நனைந்த பிளக், காத்திருந்ததால் ஆவியாகிப் போனது, எல்லாம் என் கால் சுற்றால் வந்தது. அவன் பொறுமையாகக் கேட்டான். "அப்ப நீங்க சரி பண்ணிருங்க" என்றான். கரையிலேயே மூடியைத் திறந்து, இரண்டு திருகுகளையும் புத்தகம் சொன்ன ஒன்றரைச் சுற்றுக்குக் கொண்டுவந்தேன். சூட்டோடு நிறுத்தி மறுபடி கிளப்பச் சொன்னேன். முதல் இழுப்பு இருமல், இரண்டாவதில் கிளம்பியது. இரண்டுக்குள்தான். குளிர்ந்தபின் எப்படி இருக்கும் என்று நாளைக் காலையில் வந்து பார்க்கிறேன் என்றேன். "வாங்க" என்றான்.

குத்தகைக்காரர் சேவுப் பொட்டலத்தை மடித்து இடுப்பில் செருகினார். செருப்பைக் கழற்றிக் கரையில் விட்டார். வேட்டியை இன்னும் ஒரு மடிப்பு ஏற்றிக் கட்டிக்கொண்டு, படகில் ஏறி முன்பலகையில் உட்கார்ந்தார்.

"வடக்க வலை கெடக்கு அண்ணாச்சி. பாத்துட்டு வந்துருவம்."

நியமன ஆணைகள் பல பார்த்திருக்கிறேன். இந்த வகையைப் பார்த்ததில்லை.

"அத்தான், நீங்களும் ஏறுங்க" என்றான் மைத்துனன்.

"எடை கூடும். நீ போ."

அவன் இன்னொரு முறை கூப்பிடவில்லை. படகு வடக்கே போனது. மோட்டார் ஒரே சீராக ஓடியது. நான் ஸ்பேனர்களைத் துடைத்துப் பையில் அளவு வாரியாக அடுக்கினேன். எண்ணெய் டப்பாவின் மூடியை இறுக்கினேன். குத்தகைக்காரரின் செருப்பைத் தண்ணீர் தொடாத தூரத்துக்கு எடுத்துவைத்தேன். பிறகு வேலை எதுவும் இல்லாததால் கரைக் கல்லில் உட்கார்ந்தேன். வெயில் ஏறிவிட்டது. அவர்கள் வலையருகே போய் மோட்டாரை நிறுத்தினார்கள், சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அது மறுபடி கிளம்பியது.